அருணகிரி சந்தில் மேகநாதனின் இடது கால்

கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டா, அந்தப் பக்கம் எடுக்கற பொண்ணு, "தம்பி, வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடு"ங்குது. எனக்கு அம்பத்து மூணு வயசு. முட்டி தேஞ்சு, பிரஷருக்கு மாத்திரை போட்டு, ரெண்டு பக்கமும் கடவாய்ப் பல்லு புடுங்கின பொம்பள நான். நான்தாம்மா பெரியவன்னு சொன்னா அது சிரிக்குது. சிரிப்புல மண்ணைப் போடன்னு வச்சுடுவேன். பேங்குல இதே கதை, ஆஸ்பத்திரி டோக்கன்ல இதே கதை. மூணே மூணு விஷயத்தை ஒரு மைக்குல சொன்னா இது சரியாயிடும்னு எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேங்கறதுக்குத்தான் இந்தக் கதை. கேட்டுட்டு எனக்குப் புத்தி சொல்ல யாரும் வர வேணாம், என் பேரையும் கேக்க வேணாம்.

நான் டப்பிங் பேசறவ. சினிமாவுலயும் கார்ட்டூன்லயும் சின்னப் பசங்க பேசினா அது முக்காவாசி பொம்பளைங்கதான், பசங்களுக்குத் தொண்டை உடைஞ்சு போயிடும், எங்களுக்கு உடையாது. இருபத்தேழு வருஷமா நான் பத்து வயசுலயும் பதினாலு வயசுலயும் இருந்திருக்கேன், கெணத்துல விழுந்திருக்கேன், அம்மாவைத் தேடி அழுதிருக்கேன், செத்தும் போயிருக்கேன். சாலிகிராமத்துல அருணகிரி சந்துன்னு ஒண்ணு இருக்கு, ஆட்டோ எதிர்ல ஆட்டோ வந்தா ஒருத்தன் பின்னாடி போயே ஆகணும், அந்தச் சந்துல ஒரு மாடி ஸ்டுடியோ, கீழ டீக்கடை, சுத்தி எங்களை மாதிரி குரலை வித்துத் திங்கற கூட்டம். எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. நாம பேசற ஆளு செத்துட்டான்னா, கடைசி மூச்சை மைக்குல விட்டதும் இன்ஜினியர் ரெக்கார்டிங்கை நிறுத்த மாட்டாரு. வசனத் தாளைக் குப்புறக் கவுத்து வச்சுட்டு, அதே மைக்குல நம்ம பேரு, அப்பா பேரு, வீட்டுக் கதவு நம்பர், மூணையும் சொந்தக் குரல்ல சொல்லணும். அப்புறம் அவரு அதை அழிச்சுடுவாரு. சொல்லாம எறங்கிட்டா செத்தவன் தொண்டையிலயே தங்கிடுவான்னு பேச்சு. சாமியே இல்லைன்னு மேடை போட்டுப் பேசற ஆளுங்க கூட அந்த மூணையும் சொல்லாம ரூமை விட்டு வெளிய வந்ததில்ல.

அந்த வருஷம் எங்களுக்கு வந்தது ஒரு ஜப்பான் கார்ட்டூன். வானத்துல பூமியைச் சுத்தி ஒரு பெரிய வளையம், அதுல குடியிருக்கறவங்க வளையத்தார், கீழ பூமிப்படை, ரெண்டுக்கும் சண்டை. பூமிப்படைகிட்ட மலை ஒசரத்துக்கு ஒரு இரும்பு மனுஷன், அதுக்கு வசனம் எழுதினவரு மேகநாதன்னு பேரு வச்சாரு, மேகத்துக்குப் பின்னாடி நின்னு சண்டை போடுதாம். அதுக்குள்ள உக்காந்து ஓட்டறவன் பதினாலு வயசுப் பையன் மினோரு, அவன் நான். அவனுக்கு உசுரா இருக்கற தலைவர் கேப்டன் சாவோ, அது ஏகாம்பரம். ஏகாம்பரம் முப்பது வருஷமா வில்லனோட அடியாளுக்குப் பேசினவரு, "பாஸ், போலீஸ்"ங்கறதைத் தவிர நீள வசனம் கண்டதில்ல, அறுபது வயசுக்குப் பக்கத்துல முதல் தடவையா நல்லவனா பேசக் கிடைச்சதும் ஆளே நிமிந்து நடக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்கோ அந்தப் பையன் மேல வெறுப்புதான். எழவெடுத்தவன் எபிசோடுக்கு இருபது தடவை கத்துவான், "மேகநாதா, எழுந்திரு!"ன்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டையில ரத்தம் வந்துச்சு.

பதினெட்டாவது எபிசோட் பேசி முடிச்ச மறுநாள், வியாழக்கிழமை, பால் பாக்கெட் போடற நேரத்துக்கு, மேகநாதனோட இடது கால் எங்க சந்துல வந்து நின்னுச்சு.

கால் மட்டும்தான். பெருவிரல் டீக்கடை வாசல்ல, குதிகால் டிரான்ஸ்பார்மர் பக்கத்துல, முட்டி ஸ்டுடியோ மொட்டை மாடிக்கும் மேல, அதுக்கு மேல ஒரே மேகம், சித்திரை வெயில்லயும் அந்த மேகம் கலையல. வலது கால் தாம்பரத்துல நிக்குதுன்னு ஒருத்தன் சொன்னான், செங்கல்பட்டுலன்னு இன்னொருத்தன் சொன்னான், போய்ப் பாத்துட்டு வர ஒருத்தனுக்கும் நேரமில்ல. மொதல்ல வந்தது கார்ப்பரேஷன் ஆளு, ஆக்கிரமிப்புன்னு பெருவிரல் நகத்துல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாரு. அந்த நோட்டீஸ் மேலயே அன்னைக்குச் சாயங்காலம் காதுகுத்து பேனர் கட்டினாங்க. ரெண்டாவது வாரம் கேபிள்காரன் கணுக்கால்ல கம்பியைச் சுத்திட்டான், மூணாவது வாரம் இஸ்திரி போடற காந்திமதி தள்ளுவண்டியைக் காலோட நெழலுக்கு நகத்திக்கிச்சு, ஆட்டோக்காரங்க அங்கயே ஸ்டாண்டு போட்டு இரும்புக்கால் ஸ்டாண்டுன்னு போர்டு வச்சாங்க, ஆடி மாசம் வந்தப்ப சுண்டு விரலுக்கு மஞ்சப் பூசிப் பொட்டும் வச்சாச்சு. வண்டி போக வர எடமில்லன்னு ரெண்டு நாள் முணுமுணுத்தவங்க மூணாம் நாள் அந்த நெழல்ல சேர் போட்டு உக்காந்து பேப்பர் படிச்சாங்க.

குதிகாலுக்கு மேல ஆள் ஒசரத்துல ஒரு சின்ன ஜன்னல் இருந்துச்சு, பக்கத்துல சல்லடை மாதிரி ஓட்டை போட்ட ஒரு தகடு. வந்த அன்னைக்கே அந்தத் தகட்டுலேருந்து, "எனக்குத் தாகமாக இருக்கிறது. தயவுசெய்து யாராவது தண்ணீர் கொடுங்கள்"னு குரல் வந்துச்சு. என் குரல். மாடிப்படியில நின்னுக்கிட்டு இருந்த நான் என் வாயைப் பொத்திக்கிட்டேன். காந்திமதி ஒரு சொம்பை நீட்டுச்சு, ஜன்னல்லேருந்து ஒரு கை வந்து வாங்கிச்சு, மெலிஞ்ச கை, படத்துல இருக்கற மாதிரியே சுத்தி ஓரத்துல கறுப்புக் கோடு வரஞ்ச கை. மூஞ்சி கடைசி வரைக்கும் யாரும் பாக்கல. "ஐய, புள்ளைக்குக் கை எப்படி குச்சியா இருக்கு பாரு"ன்னு காந்திமதி தன்னோட ஒயர் கூடையில நாலு இட்லி வச்சுக் கயித்துல கட்டி விட்டுச்சு, அன்னைலேருந்து சந்துல மொறை போட்டுக்கிட்டுக் கூடை ஏறுச்சு. புஸ்தகத் தமிழ் பேசிக்கிட்டிருந்தவன் பத்தே நாள்ல, "காந்திமதிக்கா, சட்னி சரியில்லயே இன்னைக்கு"ங்கற அளவுக்குத் தேறிட்டான்.

எனக்கு எரிச்சல் தாங்கல. காலைலேருந்து என் குரலே தெருவுல கேக்குது, நான் பேசாத பேச்செல்லாம் பேசுது, பசங்க என்னைப் பாத்து, "மினோரு மாதிரியே பேசறாங்க பாரு இந்த ஆன்ட்டி"ங்குதுங்க. நான் பேசித்தானே அவனே பேசறான், சனியன்களா! எனக்குச் சளி புடிச்சா அவனுக்கு மூக்கடைப்பு. நான் ஊருக்குப் போனா அவன் ஊமை. இருபத்திரெண்டாவது எபிசோட்ல அவனுக்குக் கை முறிஞ்சுச்சு, நான் "ஆ"ன்னு கத்திட்டுக் கீழ எறங்கினா ஜன்னல்ல கட்டுப் போட்ட கை தொங்குது. டிவியில வர்றதுக்குப் பத்து நாளு இருந்துச்சு, சந்துல எல்லாரும் எப்படிடா அடிபட்டுச்சுன்னு கேக்கறாங்க, எனக்கும் சவுண்டு இன்ஜினியர் அந்தோணிக்கும் மட்டும்தான் தெரியும். அதாவது டிவியில ஓடறப்ப அவனுக்கு நடக்கல, நான் மைக்குல பேசறப்பவே நடக்குது. இதை அந்தோணி கிட்ட சொன்னேன். "அதை ஏன்க்கா ஆராஞ்சுக்கிட்டு, அடுத்த சீன் பாப்போம்"னாரு. அந்த ஆளுக்குத் தலைக்கு மேல கால் நின்னாலும் அடுத்த சீன்தான்.

எங்களுக்குக் கதை முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு எபிசோடும் அன்னன்னைக்குக் காலைல வரும், தாள் அன்னைக்குத்தான் கைக்கு வரும், யாரு உசுரோட இருக்கான், யாரு போறான்னு மைக் முன்னாடி நிக்கறப்பதான் தெரியும். முப்பத்திரெண்டாவது எபிசோட்ல மினோரு வளையத்துக்குள்ள மாட்டிக்கறான். அங்க போய்ப் பாத்தா எதிரின்னு சொன்னவங்க கஞ்சிக்கு வரிசையில நிக்கறாங்க. பூமிப்படை அவங்களுக்குச் சோறு போற வழியை அடைச்சு வச்சிருக்கு. பையன் ஒரு வார்த்தை பேசல, வரிசையில கடைசி ஆளா போய் நின்னான், அவ்வளவுதான், கட்சி மாறிட்டான். நான் பேச வேண்டியது ஒரு பெருமூச்சு மட்டும். அன்னைக்கு எறங்கி வர்றப்ப ஜன்னல்லேருந்து, "அக்கா"ன்னு கூப்பிட்டான், அந்தோணி என்னை அப்படிக் கூப்பிடறதைக் கேட்டுப் புடிச்சுக்கிட்டான். "அக்கா, இவங்க கிட்ட சொல்லிடாதீங்க. இன்னும் பத்து நாளைக்கு இட்லி கெடைக்கும்ல"ன்னான். போடான்னு வந்துட்டேன், ஆனா யாருகிட்டயும் சொல்லல. ஏன் சொல்லலன்னு எனக்கே அப்ப வெளங்கல.

முப்பத்து மூணாவது எபிசோட் அன்னைக்கு ஏகாம்பரம் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. மைக் முன்னாடி நாங்க ரெண்டு பேரும் நின்னோம். வளையத்துக்கு ஒரு கப்பல் போகுது, ஆயுதக் கப்பல், சுட்டு வீழ்த்துன்னு கேப்டனுக்குத் தலைமை உத்தரவு போடுது, கேப்டன் பாயறாரு, குறுக்க மேகநாதன் வந்து நிக்குது. "மினோரு, நீயா? என்னை ஏன்..." அவ்வளவுதான் தாள்ல. மினோரு சுட்டுட்டான். ஒரு வெளிச்சம், அப்புறம் ஒண்ணுமில்ல. அவனுக்கு அந்த எடத்துல ஒரு வார்த்தை வசனம் கூட எழுதல. ஏகாம்பரம் தாளைத் திருப்பிப் பாத்தாரு, அடுத்த பக்கம் இல்ல. அறுபதாவது எபிசோட் வரைக்கும் நாமதான்னு வீட்ல சொல்லி வச்சிருந்த மனுஷன், பாதி கேள்வியில செத்துப் போனாரு. "சார், பேர் சொல்லிட்டு எறங்குங்க"ன்னு அந்தோணி கண்ணாடிக்குப் பின்னாடிலேருந்து சொன்னாரு. ஏகாம்பரம் ஹெட்போனைக் கழட்டித் தரையில அடிச்சுட்டுக் கதவைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு.

பேர் சொல்லல. கேப்டனாவே படி எறங்கினாரு, கேப்டனாவே டீக்கடைக்குப் போனாரு. "ஒரு தேநீர் கொடு வீரனே"ன்னு கேட்டதும் டீக்கடைக்காரன் தமாஷுன்னு நெனச்சுச் சிரிச்சான். அப்புறம் அவரு திரும்பி, காலைப் பாத்து, சந்து அதிரக் கேட்டாரு: "மினோரு! என்னை ஏன் சுட்டாய்?"

பத்து நாள் ரகசியம் அஞ்சு நிமிஷத்துல போயே போச்சு. பையன் எதிரியோட சேந்துட்டானாம், கேப்டனையே சுட்டுட்டானாம், கூடையில இட்லி தின்னுக்கிட்டே நம்மள ஏமாத்தினானாம். வாய்விட்டுச் சொல்றேன், எங்க சந்து ஜனங்க ஒருத்தர் மேல வச்ச பாசத்தை வாபஸ் வாங்கற வேகத்தை நான் எங்கயும் பாத்ததில்ல. மறுநாள் காலைல காந்திமதி ஜன்னலுக்குக் கீழ நின்னு, "எங் கூடைய எறக்குடா"ன்னு கத்துச்சு. கூடை மெதுவா எறங்குச்சு, உள்ள சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சிருந்தான். அந்தத் தட்டையும் புடுங்கித் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுச்சு அது. மஞ்சப் பூசின சுண்டு விரல்ல சாணி அடிச்சாங்க. ஆட்டோக்காரங்க போர்டுல இரும்புக்காலை அழிச்சுட்டுத் துரோகிக்கால்னு எழுதினாங்க, ஆனா ஸ்டாண்டை மட்டும் நெழலை விட்டு நகத்தல, அதான் எங்க ஆளுங்க. பசங்க கல்லடிச்சா அம்மாக்காரிங்க குறி பாத்துச் சொல்லிக் குடுத்தாளுங்க. எதிர்ச் சந்துக்காரன் ஒருத்தன் ஜன்னலுக்கு நேரா செருப்பு மாலை கட்டித் தொங்கவிட்டான். பத்து நாள் கழிச்சு அது டிவியில ஓடினப்ப இன்னொரு தடவை அத்தனையும் முதல்லேருந்து செஞ்சாங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி நின்னவரு ஏகாம்பரம். தெனமும் சாயங்காலம் அஞ்சரைக்கு, வாரா வாரம் அந்தக் கார்ட்டூன் ஓடற அதே நேரத்துக்கு, காலுக்கு முன்னாடி வந்து நின்னு அதே கேள்வி, "என்னை ஏன் சுட்டாய்?" பின்னாடி அம்பது பேரு. ஜன்னல்லேருந்து ஒரு சத்தம் வராது. "பாத்தியா திமிரை, வாயத் தொறக்கறானா பாரு"ன்னு கூட்டம் கொதிக்கும். அந்த மனுஷனைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டும் வரும், பாவமாவும் இருக்கும். அவங்க சம்சாரம் என்கிட்ட வந்து, "ராத்திரி சோறு போட்டா, போர்க்களத்தில் எனக்கு உணவு எதற்கு பெண்ணேங்கறாருக்கா"ன்னு மூக்கைச் சிந்துச்சு. அவரை மாடிக்கு இழுத்துக்கிட்டுப் போய் மைக் முன்னாடி நிறுத்தி, பேர் சொல்லுங்க சார்னு அந்தோணியும் நானும் கெஞ்சிப் பாத்தோம். "கேள்விக்குப் பதில் வராமல் நான் களம் நீங்க மாட்டேன்"னுட்டாரு.

கூடையை எறக்கின மூணாம் நாள் மத்தியானம், வெயிலுக்குப் பயந்து சந்து காலியா கெடக்கறப்ப, நான் சோத்து டப்பாவை எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்ட போனேன். மூணு நாளா ஒண்ணும் திங்காதவன், என் குரல்தானே, எனக்குத் தெரியாதா, பேசறப்ப அடி வயித்துலேருந்து காத்து வரல. ரசஞ்சாதமும் ரெண்டு அப்பளமும். கை வந்து வாங்குச்சு, கறுப்புக் கோடு அங்கங்க விட்டுப் போயிருந்துச்சு.

"ஏன்டா வாய மூடிக்கிட்டு இருக்க? அந்தாளு கேக்கறதுக்குப் பதிலைச் சொல்லித் தொலையேன்."

"சொல்ல வரலக்கா. நெஞ்சு வரைக்கும் வருது. அந்த எடத்துல எனக்கு வசனமே இல்லக்கா, நீங்கதான் பாத்தீங்களே."

"இட்லி சட்னின்னு இம்மாம் பேச்சு பேசற, இது மட்டும் வராதா?"

"அது மட்டும் வரல." அப்பளத்தை உடைக்கற சத்தம் கேட்டுச்சு. "நீங்களும் என்னைப் புடிக்காதுன்னுதானே சொல்வீங்க, அப்புறம் ஏன் வந்தீங்க?"

"இப்பவும் புடிக்காது, மூடிக்கிட்டுத் தின்னு"ன்னேன். சொல்லிட்டு அங்கயே நின்னேன், அவன் தின்னு முடிக்கற வரைக்கும். ஊரே அவன் பேரைச் சொல்லி மாலை போட்டப்ப நான் அவனை வஞ்சேன், ஊரே வையறப்ப எனக்கு அவன் மேல உசுரா போயிடுச்சு. இதுக்கு நான் யாருக்கும் வெளக்கம் குடுக்க வேண்டியதில்ல. ஆறு வாரம் தெனமும் மத்தியானம் சோறு கொண்டு போனேன், அதைப் பாத்துட்டு எனக்கு இஸ்திரி போட மாட்டேன்னு காந்திமதி சொல்லுச்சு, டீக்கடைக்காரன் எனக்குக் குடுத்த கிளாஸைத் தனியா வச்சான், என் வீட்டு வாசல்ல ஒருத்தன் துரோகின்னு சுண்ணாம்புல எழுதினான். எழுதட்டும்! அந்தச் சுண்ணாம்பு எழுத்துக்குப் பக்கத்துலயே நான் கோலம் போட்டேன்.

முப்பத்தொம்பதாவது எபிசோட் ஒரு திங்கக்கிழமை வந்துச்சு. தாளை எடுத்துப் பாத்தேன். வளையத்துல கஞ்சி வரிசை, மினோரு கிண்ணத்தோட நிக்கறான், பரிமாறற பொம்பளைகிட்ட, "அக்கா, இன்னும் கொஞ்சம்"னு சொல்ல வாய் தொறக்கறான். பூமிப்படை குண்டு போடுது. தாள்ல 'அக்கா, இன்னும்'னு இருக்கு, அதோட முடிஞ்சுடுச்சு. திருப்பிப் பாத்தேன், அடுத்த பக்கம் வெறுங்காகிதம். அன்னைக்கு ஏகாம்பரம் எப்படித் தாளைத் திருப்பினாருன்னு நெனப்பு வந்துச்சு.

"நான் பேச மாட்டேன்"ன்னேன்.

மேனேஜர் விமலநாதன் வந்தாரு. வழவழன்னு பேசற ஆளு, வெட்டறப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் வெட்டுவாரு. "நீங்க பேசலன்னா பரவால்லம்மா, வளசரவாக்கத்துலேருந்து ஒரு பொண்ணு வந்துக்கிட்டிருக்கு. ரெண்டு வார்த்தை, ஒரு மூச்சு. அரை மணி நேரத்துல முடிச்சுடுவோம். சேனலுக்கு நாளைக்கு அனுப்பணும்."

"சார், அங்க ஒருத்தன் உசுரோட இருக்கான் சார். இட்லி தின்னான் சார். மூச்சு விட்டா செத்துடுவான்."

"அதுக்காகத்தான் சந்தே காத்துக்கிட்டு இருக்கு"ன்னு ஜன்னலைக் காட்டினாரு. எட்டிப் பாத்தேன். எப்படியோ சேதி கீழ போயிருக்கு. சந்து முழுக்கக் கூட்டம். பட்டாசுச் சரத்தை வாசலுக்கு வாசல் விரிச்சுக்கிட்டு இருக்காங்க, காந்திமதி ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கிட்டு நிக்குது, முன்னாடி ஏகாம்பரம் விறைப்பா கையைக் கட்டிக்கிட்டு. ஒரு சின்னப் பையன் சாவறதுக்கு இத்தனை பேரு குளிச்சுட்டு வந்திருக்காங்க. எனக்கு அப்படியே காறித் துப்பணும்னு இருந்துச்சு, துப்பினேன்.

கீழ எறங்கி, கூட்டத்தை முழங்கையால இடிச்சுக்கிட்டு, ஜன்னல்கிட்ட போனேன். யாரோ என் தலையில தண்ணிப் பாக்கெட்டை வீசினாங்க. திரும்பிப் பாக்கல.

"தாள் வந்துடுச்சா அக்கா?"ன்னான்.

"வந்துடுச்சு. நான் பேச மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப யாரு பேசுவாங்க?"

"எவளோ ஒருத்தி. வளசரவாக்கமாம்."

கை வெளிய வந்து ஜன்னல் விளிம்பைப் புடிச்சுக்கிச்சு. "அக்கா, அவங்க குரல் எனக்குத் தெரியாதே"ன்னான். "தெரியாதவங்க கூடப் போகப் பயமா இருக்குக்கா. எப்படியும் போகணும்னா நீங்களே வாங்க."

எனக்கு அழுகை வந்தா கோவம்தான் முன்னாடி வரும். "போடா, கட்டையில போறவனே, எனக்குன்னு வந்து வாய்ச்ச பாரு"ன்னு அந்தக் கையை அடிச்சேன். அப்புறம் புடிச்சுக்கிட்டேன். காகிதம் மாதிரிதான் இருந்துச்சு, ஆனா சூடா இருந்துச்சு. கைய விட்டுட்டு மாடிக்கு ஏறினேன், படியில அந்த வளசரவாக்கத்துப் பொண்ணு வேர்த்து விறுவிறுத்து ஏறிக்கிட்டு இருந்துச்சு, திரும்பிப் போடி கண்ணு, என் புள்ளைக்கு நான் இருக்கேன்னேன்.

சிவப்பு வெளக்கு எரிஞ்சுச்சு. திரையில கிண்ணத்தோட நிக்கறான். நான் இருபத்தேழு வருஷத்துல பேசாத மாதிரி பேசினேன், அழாம, கத்தாம, பசிச்ச புள்ள கேக்கற மாதிரி: "அக்கா, இன்னும்..." அவ்வளவுதான். மூச்சு போச்சு. வெளிய ஒரு சத்தமும் இல்ல, ஆனா ஸ்டுடியோ ஜன்னல் வழியா பளீர்னு வெயில் வந்து மைக் மேல விழுந்துச்சு. சித்திரையிலேருந்து அந்த ஜன்னல்ல வெயில் வந்ததில்ல. அதுலயே தெரிஞ்சு போச்சு, கால் போயிடுச்சு. கீழ சரவெடி வெடிக்க ஆரம்பிச்சுச்சு.

ரெக்கார்டிங் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அந்தோணி கண்ணாடியைத் தட்டினாரு. "அக்கா, பேர் சொல்லுங்க."

தாளைக் குப்புறக் கவுக்கல.

"அக்கா, ஓடிக்கிட்டு இருக்கு. பேர், அப்பா பேர், கதவு நம்பர். சொல்லிட்டு எறங்குங்கக்கா, விளையாடாதீங்க." அடுத்த சீனைத் தவிர வேற பேசாத அந்தாளு எந்திரிச்சு நின்னுட்டாரு. "நம்ம ஏகாம்பரம் சாரைப் பாத்தீங்கல்ல? அக்கா!"

பாத்தேன். பாத்துட்டுத்தான் முடிவு பண்ணேன். ஹெட்போனை மெதுவாக் கழட்டி, ஆணியில மாட்டிட்டு, வாயை மூடிக்கிட்டே படி எறங்கினேன்.

சந்துல கால் நின்ன எடம் வெளுத்துப் போய், புல்லு மஞ்சளா, ஒரு நசுங்கின சைக்கிளோட கெடந்துச்சு. காந்திமதி பூசணிக்காயை நடு எடத்துல போட்டு ஒடைச்சுச்சு. கைத்தட்டல். ஏகாம்பரம் மட்டும் கைதட்டல, செத்துட்டான்னு சந்தோஷப்படவும் இல்ல. காலியா இருந்த எடத்தைப் பாத்துக்கிட்டு, இனிமே யாரைக் கேக்கறதுன்னு தெரியாத மாதிரி, வழக்கமான கேள்வியையே கேட்டாரு: "மினோரு... என்னை ஏன் சுட்டாய்?"

"அது சோத்துக் கப்பல் கேப்டன்."

சொன்னது நான்தான். ஆனா நான் நெனச்சுச் சொல்லல, வாயைத் தொறந்தேன், அது வந்துச்சு, பதினாலு வயசுக் குரல்ல. தாள்லதான் அவனுக்கு வசனம் இல்ல, என்கிட்ட தாளே இல்லயே. சந்து அப்படியே நின்னுடுச்சு. வெடிச்சுக்கிட்டு இருந்த சரம் தானா முடிஞ்சுச்சு.

"ஆயுதக் கப்பல்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டாங்க. உள்ள இருந்தது அரிசி மூட்டை. நீங்க சுட வந்துட்டீங்க, சொல்ல நேரமில்ல கேப்டன். நீங்கன்னு தெரிஞ்சுதான் சுட்டேன். தெரியாம சுட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

ஏகாம்பரம் என்னை ஏற எறங்கப் பாத்தாரு. நரைச்ச தலை, நைந்த காட்டன் புடவை, அதுக்குள்ளேருந்து அந்தக் குரல். அவரு உதடு கோணிக்கிச்சு. "சொல்லியிருக்கலாமேடா"ன்னாரு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஒதுங்கிப் போயிருப்பேனேடா!" ஆறு வாரத்துல அந்த மனுஷன் பேசின முதல் மனுஷப் பேச்சு அது. அப்படியே தரையில உக்காந்துட்டாரு, புல்லு வெளுத்த எடத்துல, பூசணிக்காய்ச் சில்லு மேல. உக்காந்து, கையை மைக் மாதிரி வாய்க்கு முன்னாடி குவிச்சு வச்சுக்கிட்டு, கரகரன்னு, அடியாளுக்குப் பேசற அந்தப் பழைய குரல்ல சொன்னாரு: "ஏகாம்பரம். அப்பா பேரு சின்னக்கண்ணு. கதவு நம்பர் பதினேழு." அவங்க சம்சாரம் கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு ஓடி வந்து அவரைக் கட்டிக்கிட்டு, எல்லாருக்கும் முன்னாடி ஓன்னு அழுதுச்சு.

அதுக்கப்புறம் ஒரு வாரத்துல சந்து பழையபடி ஆயிடுச்சு. காந்திமதி வண்டியை வெயில்ல நிறுத்திக்கிட்டு, "அப்பப்பா, அந்தக் கால் இருந்தவரைக்கும் எவ்வளவு குளுகுளுன்னு இருந்துச்சு"ன்னு என்கிட்டயே சொல்லுது, வெக்கங்கெட்டது. ஆட்டோ ஸ்டாண்டு போர்டை மறுபடியும் இரும்புக்கால்னு மாத்திட்டாங்க. டிவியில அந்தச் சாவு ஓடினப்ப சந்துல பாதி வீட்ல அழுதாங்களாம், கூடையில இட்லி வச்சவங்களும் அழுதாங்க, செருப்பு மாலை கட்டினவனும் அழுதான். ஏகாம்பரம் அடியாளுக்குப் பேசப் போயிட்டாரு, மத்தியானமானா டப்பாவைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வந்து, "டேய், சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டுப் போவாரு. என்னைக் கேக்கல, எனக்குத் தெரியும்.

அந்தோணி அந்த ரெக்கார்டிங்கை இன்னும் மூடாம வச்சிருக்காராம். எப்ப வேணா வந்து மூணே விஷயம் சொல்லுங்கக்கா, ஒரு நிமிஷ வேலைன்னு வாரத்துக்கு ஒரு தடவை சொல்றாரு. எனக்கும் தெரியும், ஒரு நிமிஷ வேலைதான். நேத்து கூட கேஸ்காரப் பொண்ணு, "தம்பி, வீட்ல வேற யாரும் இல்லயா?"ன்னு கேட்டுச்சு. வாயில வந்ததை வைய ஆரம்பிச்சேன், அதுக்குள்ள அவன் முந்திக்கிட்டான்.

"இருக்காங்க, அக்கா இருக்காங்க"ன்னான். "சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."